பியானோ கற்கத் தொடங்குபவருக்கு: முதல் ஆறு மாதங்களுக்கான முழு வழிகாட்டி

பியானோ கற்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே ஒரு திரைப்பாடலின் பல்லவியை வாசித்துவிட விரும்புகிறார்கள். காணொளியைப் பார்த்துப் பார்த்து அதை வாசித்தும் விடுகிறார்கள். ஆனால் அந்தப் பல்லவி எந்த ஸ்கேலில் (சுர வரிசையில்) அமைந்தது, எந்தச் சுரத்துக்கு எந்த விரல், ஒவ்வொரு சுரமும் எத்தனை எண்ணிக்கை நிற்க வேண்டும் என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. ஆகவே அடுத்த பாடலுக்கு மீண்டும் அடியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. முதல் ஆறு மாதங்களில் எத்தனை பாடல்கள் வாசித்தோம் என்பது பெரிய செய்தியன்று. மெதுவாக, ஒவ்வொரு முறையும் அதே விரல்களால், எண்ணிக்கை பிசகாமல் வாசிக்கும் பழக்கம் கைக்கு வந்ததா என்பதே கேள்வி. கீழே உள்ள வரிசை அந்தப் பழக்கத்தை முன்னிட்டே அமைக்கப்பட்டுள்ளது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

முழு அளவுப் பியானோவில் 88 கட்டைகள் இருக்கும். அவற்றில் 52 வெள்ளை, 36 கறுப்பு. நம் வீடுகளில் பெரும்பாலும் வாங்கப்படுவது 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு. முதல் ஓராண்டுப் பாடங்களுக்கு அந்த 61 போதும். எண்ணிக்கையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, கட்டையை மெதுவாக இறக்கினால் ஒலி மெலிதாகவும் வேகமாக இறக்கினால் பலமாகவும் வருகிறதா என்பது. கடைக்காரர்கள் இதை டச் ரெஸ்பான்ஸ் என்பார்கள். இந்த வசதி இல்லாத கீபோர்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பியானோ கற்பதற்காக வாங்க வேண்டாம்.

இதில் இவ்வளவு பிடிவாதம் காட்டக் காரணம் உண்டு. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் மெடிச்சி அரச குடும்பத்திடம் பணியாற்றிய பார்டொலொமேயோ கிறிஸ்டோஃபொரி, 1700ஆம் ஆண்டு வாக்கில் பியானோவை உருவாக்கியதே இந்த ஒரு குணத்துக்காகத்தான். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் கம்பி மீட்டப்படும். விரல் எவ்வளவு வேகமாக இறங்கினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கிறிஸ்டோஃபொரி கம்பியை மீட்டுவதற்குப் பதிலாகச் சிறு சுத்தியலால் தட்டச் செய்து, மென்மையையும் வலிமையையும் வாசிப்பவரின் விரலிடம் ஒப்படைத்தார். அந்தக் குணம் இல்லாத கருவியில் பழகிய விரல், பின்னாளில் உண்மையான பியானோவின் முன் அமரும்போது எல்லாச் சுரத்தையும் ஒரே பலத்தில் தட்டுகிறது. அதைத் திருத்த நெடுநாள் பிடிக்கும்.

வசதி இருப்பவர்கள், கட்டைகளுக்கு எடை கொடுக்கப்பட்ட 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்கலாம். யமஹா, கேசியோ, ரோலண்ட், கவாய் ஆகிய நிறுவனங்கள் தொடக்க நிலைக்கு ஏற்ற கருவிகளைச் செய்கின்றன. பழைய அப்ரைட் பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாரேனும் சொன்னால், விலையைப் பேசுவதற்கு முன் சுருதி சேர்க்கும் ஒரு டியூனரை அழைத்துச் சென்று காட்டுங்கள். அதற்குள் ஏறக்குறைய 230 கம்பிகள் உள்ளன. அவற்றின் மொத்த இழுவிசை 15 டன்னுக்கும் மேல். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம்; ஆனால் சுருதி ஆணிகளைப் பிடித்திருக்கும் மரப்பலகை கடலோர ஈரக்காற்றில் தளர்ந்தோ, கரையான் அரித்தோ இருந்தால், எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நிற்காது.

கீபோர்டு வாங்குபவர்கள் அதிலுள்ள இரண்டு பொத்தான்களிலிருந்து ஆறு மாதம் விலகியிருக்க வேண்டும். ஒன்று, தானே தாளமும் கார்டும் (சேர்ந்தொலிக்கும் சுரங்களும்) வாசிக்கும் ஸ்டைல் வசதி. மற்றொன்று, கருவியின் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ். பாடகரின் சுருதி மாறும்போதெல்லாம் மேடையில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு எப்போதும் ஒரே ஸ்கேலில் வாசிக்கும் இசைக்கலைஞர்கள் நம்மிடையே பலர் உண்டு. அது தொழிலின் அவசரத்துக்கு உதவும். ஆனால் கற்பவரிடம் அது பதினொரு ஸ்கேல்களைக் கற்காமலே விட்டுவிடும் வழியாக முடிகிறது.

உட்காரும் முறையும் கையின் வடிவமும்

தரையிலிருந்து பியானோவின் வெள்ளைக் கட்டை வரை உயரம் ஏறக்குறைய 72 முதல் 74 சென்டிமீட்டர். ஒரு சாப்பாட்டு மேசையின் உயரமே அவ்வளவு இருக்கும். அதன்மேல் கீபோர்டை வைத்தால் கட்டைகள் இன்னும் மேலே போய், வாசிப்பவர் தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்க நேர்கிறது. கட்டிலில் வைத்துக் குனிந்து வாசிப்பதும், ஹார்மோனியம் போலத் தரையில் வைத்து வாசிப்பதும் அதே அளவு தீங்கானவை. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஸ்டாண்டும், கைப்பிடி இல்லாத ஓர் ஆசனமும் கருவியோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டியவை.

ஆசனத்தின் முன்பாதியில் மட்டும் அமருங்கள். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். குழந்தைகளுக்குக் கால் எட்டாவிட்டால் ஒரு சிறு மணையை வையுங்கள். முழங்கை, கட்டைகளின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்க வேண்டும். தூரத்தைச் சரிபார்க்க எளிய வழி: கையை முன்னே முழுதாக நீட்டி விரல்களை மடக்கினால், கட்டைகளுக்குப் பின்னுள்ள பலகையை விரல்முட்டிகள் தொட வேண்டும். முதுகை வளைத்தால்தான் எட்டுகிறது என்றால் ஆசனம் தொலைவில் இருக்கிறது.

இனி கை. இரு கைகளையும் உடலின் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அப்போது விரல்கள் தாமாகவே சற்று வளைந்திருக்கும். அந்த வளைவை மாற்றாமல் கையைத் தூக்கிக் கட்டைகளின் மேல் வையுங்கள். கையின் சரியான வடிவம் அதுவே. கட்டைவிரல் தட்டையாகப் படுக்காமல், நகத்தின் ஓரத்திலுள்ள பக்கவாட்டுச் சதையால் கட்டையைத் தொட வேண்டும். மற்ற விரல்களின் நுனி மூட்டு உள்ளே குழிந்துவிடக் கூடாது. நகம் கட்டையில் தட்டும் ஓசை கேட்டால் அன்றே வெட்டுங்கள்.

ஒரு கட்டையைக் கீழே இறக்க ஏறக்குறைய 50 கிராம் எடை போதும். அது இறங்கும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர். கட்டை அடியைத் தொடும்போது சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒலி மாறாது, மணிக்கட்டு மட்டுமே இறுகும். தொடக்க நிலையில் வரும் கைவலியில் பெரும்பகுதி இந்தப் பயனற்ற அழுத்தத்தால் வருவது. வலி தோன்றினால் பொறுத்துக்கொண்டு வாசிக்காமல் நிறுத்திவிட வேண்டும்.

கையின் இயல்பான வடிவத்தை உணர போலந்து இசையமைப்பாளர் ஷோப்பன் தம் மாணவர்களுக்குக் காட்டிய கைநிலை மிகவும் உதவும். வலக்கையின் கட்டைவிரலை இ என்ற வெள்ளைக் கட்டையிலும், நடுவிலுள்ள மூன்று நீண்ட விரல்களை எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப் ஆகிய கறுப்புக் கட்டைகளிலும், சுண்டுவிரலைப் பி என்ற வெள்ளைக் கட்டையிலும் வைத்துப் பாருங்கள். நீண்ட விரல்கள் உயரமான கட்டைகளிலும் குட்டை விரல்கள் தாழ்ந்த கட்டைகளிலும் அமர்வதால் கை தானாகவே வளைந்து நிற்கும். எல்லாமே வெள்ளைக் கட்டையான சி மேஜர் ஸ்கேல் படிப்பதற்கு எளிது, ஆனால் கைக்குக் கடினம் என்று அவர் கருதினார். வாசித்துப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். கட்டைகளின் பெயர்கள் இன்னும் தெரியாதே என்பவர்கள் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு இங்கே திரும்பலாம்.

கட்டைகளை அடையாளம் காணுதல்

கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் மாறி மாறி வருகின்றன. இரண்டின் கூட்டத்துக்கு இடப்புறம் ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டை சி, அந்த இரண்டுக்கும் நடுவில் டி, வலப்புறம் இ. மூன்றின் கூட்டத்துக்கு இடப்புறம் எஃப், உள்ளே ஜி, ஏ, வலப்புறம் பி. அதன்பின் மீண்டும் சி வருகிறது. ஒரு சி முதல் அடுத்த சி வரை உள்ள தூரம் ஓர் ஆக்டேவ், நம் மொழியில் ஒரு ஸ்தாயி; அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டைகள். ஒரு வெள்ளைக் கட்டைக்கு வலப்புறம் ஒட்டியுள்ள கறுப்புக் கட்டை அதன் ஷார்ப், இடப்புறம் ஒட்டியுள்ளது அதன் ஃப்ளாட். கருவியின் நடுவில் உள்ள சி, மிடில் சி எனப்படும். கட்டைகளின்மேல் எழுத்து எழுதிய ஸ்டிக்கர்களை ஒட்டாதீர்கள்: கண் அவற்றையே தேடப் பழகிவிடும், கறுப்புக் கட்டைகளின் அமைப்பைப் பார்க்காது. முதல் வாரம் தினமும், முதலில் எல்லா டி-க்களையும், பிறகு எல்லா எஃப்-களையும் கீழிருந்து மேல் வரை தொட்டுப் பெயர் சொன்னாலே ஸ்டிக்கர் வேண்டியிருக்காது.

கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. பாடகர்கள் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று சொல்லும் சுருதிக் கணக்கு ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வந்ததே. சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. அரைக் கணக்குகள் கறுப்புக் கட்டைகள்: ஒன்றரைக் கட்டை சி ஷார்ப், நாலரைக் கட்டை எஃப் ஷார்ப், ஐந்தரைக் கட்டை ஜி ஷார்ப். ஆனால் சி என்பதை எப்போதும் ஸ என்று எண்ணிவிடக் கூடாது. ஸட்ஜம் எந்தக் கட்டையிலும் அமரலாம். சி என்பது இடம் மாறாத ஒரு கட்டையின் பெயர். இந்த வேறுபாடு முதல் நாளிலேயே தெளிவானால் பிறகு எத்தனையோ குழப்பங்கள் வராமலே போகும்.

நோட்டேஷன் எதுவும் தெரியாமலே காதைப் பழக்க ஒரு பயிற்சி: கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். எஃப் ஷார்ப்பை ஸட்ஜமாகக் கொண்டு ஐந்து கறுப்புக் கட்டைகளையும் வரிசையாக ஏறி இறங்கினால் மோகனம் கேட்கும். அதே ஐந்து கட்டைகளை ஜி ஷார்ப்பிலிருந்து தொடங்கினால் மத்யமாவதி, ஏ ஷார்ப்பிலிருந்து ஹிந்தோளம், சி ஷார்ப்பிலிருந்து சுத்த சாவேரி, டி ஷார்ப்பிலிருந்து சுத்த தன்யாசி. ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது இடக்கையால் அதற்குரிய ஸட்ஜத்தைத் தாழ்ந்த ஸ்தாயியில் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ராகம் மாறுவது காதுக்குப் புலப்படும். கமகம் பியானோவில் வராது. ஒரு கட்டையின் சுரத்தை அசைக்க வழியில்லை. ஆகவே இவை ராகத்தின் முழு உருவம் அல்ல, அதன் சுரக்கூட்டு மட்டுமே. ஆனாலும் தொடங்குபவருக்கு, விரல் தவறான கட்டையில் விழ வாய்ப்பே இல்லாத இந்த விளையாட்டு தரும் துணிவை வேறெந்தப் பாடமும் தருவதில்லை.

விரல் எண்களும் முதல் மெட்டும்

இரு கைகளிலும் கட்டைவிரல் 1, ஆள்காட்டி விரல் 2, நடுவிரல் 3, மோதிர விரல் 4, சுண்டுவிரல் 5. வலக்கையின் 1-ஐ மிடில் சி-யில் வைத்து, அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகளில் மற்ற விரல்களை வைத்தால் சி, டி, இ, எஃப், ஜி ஆகிய ஐந்தும் கையடியில் வந்துவிடும். இடக்கைக்கு அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-யில் சுண்டுவிரல் வரும். இந்த ஐந்து சுரங்களை ஏறியும் இறங்கியும் வாசிக்கும்போது, அடுத்த சுரம் ஒலிக்கும் அதே கணத்தில்தான் முந்தைய விரல் மேலே எழ வேண்டும். முன்னதாக எழுந்தால் இடைவெளி விழும். தாமதித்தால் இரண்டு சுரங்கள் கலந்து ஒலிக்கும். நான்காம் விரலும் ஐந்தாம் விரலும் மற்றவற்றைவிட மெலிதாக ஒலிப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். அவற்றைப் பலமாக அடிப்பதைவிட மற்ற மூன்றையும் மென்மையாக்குவதே விரைவில் பலன் தரும்.

முதல் மெட்டாகப் பேட்டோவனின் ஒன்பதாம் சிம்ஃபனியில் வரும் புகழ்பெற்ற மெட்டைப் பரிந்துரைக்கிறேன். 1824இல் வியன்னாவில் முதன்முதலாக ஒலித்த அந்தப் பெரும் படைப்பின் மையமான மெட்டு, ஓரிடம் தவிர, இந்த ஐந்து சுரங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சி மேஜரில் அதன் தொடக்கம்: இ இ எஃப் ஜி, ஜி எஃப் இ டி, சி சி டி இ, இ டி டி. விரல்கள்: 3 3 4 5, 5 4 3 2, 1 1 2 3, 3 2 2. சுரத்தில் சொன்னால் க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. நான்காம் பகுதியின் முதல் சுரம் ஒன்றரை எண்ணிக்கை, அடுத்தது அரை எண்ணிக்கை, கடைசிச் சுரம் இரண்டு எண்ணிக்கை. மற்றவை யாவும் ஒவ்வொன்று.

அதற்கடுத்து முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுத்துக்கொள்ளலாம். தம் காலத்தில் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்து உருவாக்கிய இவை, சங்கராபரணத்தில், கமகமின்றி, நேரான சுரங்களில் நடப்பவை. சி-யை ஸட்ஜமாகக் கொண்டால் முழுவதும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிடலாம். பல வீடுகளில் குழந்தைகள் ஏற்கெனவே பாடிப் பழகிய சக்தி சஹித கணபதிம் அவற்றுள் ஒன்று. சந்ததம் பாஹிமாம் என்பதன் மெட்டு ஆங்கிலேயரின் நாட்டுப் பண்ணிலிருந்து வந்தது. பியானோவின் இயல்புக்கும் நம் காதின் பழக்கத்துக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் தொடக்கப் பாடங்கள் இவற்றைப் போல வேறில்லை; பியானோ வகுப்புகளில் இவை அரிதாகவே கற்பிக்கப்படுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தாளக் கணக்கு

சுரம் தவறினால் உடனே தெரிந்துவிடும்; காலம் தவறினால் வாசிப்பவருக்கே தெரிவதில்லை. ஆகவே இதில் கண்டிப்பு அதிகம் வேண்டும். சுரத்தின் நீளத்தைக் குறிக்கும் பெயர்கள் இவை: செமிபிரீவ் நான்கு எண்ணிக்கை, மினிம் இரண்டு, குரோச்செட் ஒன்று, குவேவர் அரை. மேலைநாட்டுப் பாடங்களில் இவற்றை ஆங்கிலச் சொற்களால் எண்ணச் சொல்வார்கள். நமக்கு அதைவிட நல்ல வழி கையிலேயே இருக்கிறது: குரோச்செட்டுக்குத் தா, இரண்டு குவேவர்களுக்குத் தக, ஓர் எண்ணிக்கையில் மூன்று சுரங்கள் வந்தால் தகிட, நான்கு வந்தால் தகதிமி. இரு கைகளும் கட்டைகளில் இருப்பதால் தாளம் போட முடியாது. வாய்தான் தாளத்தைக் காக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசிக்க முடியாத வேகத்தில் வாசிப்பது கற்பவருக்கு மிகையான வேகம்.

சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமை முதல் மாதம் நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வையுங்கள். ஒரு பகுதி தொடர்ந்து மூன்று முறை பிழையின்றி வந்தால் 4 தட்டு கூட்டுங்கள். பிழை வந்தால் 8 தட்டு குறையுங்கள். அலைபேசியில் கிடைக்கும் இலவச மெட்ரோனோம் செயலியே போதுமானது. மேஜை மேல் வலக்கை தக தக என்று தட்ட, இடக்கை தா தா என்று தட்டும் பயிற்சியையும் இப்போதே தொடங்கிவிடலாம்.

ஸ்டாஃப் வாசிக்கக் கற்றல்

ஐந்து கோடுகளும் அவற்றுக்கு இடையிலான நான்கு இடைவெளிகளும் கொண்டது ஸ்டாஃப். பியானோவுக்கு இரண்டு ஸ்டாஃப்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதப்படும். மேலுள்ளது பெரும்பாலும் வலக்கைக்கு, கீழுள்ளது இடக்கைக்கு. மேல் ஸ்டாஃபின் தொடக்கத்திலுள்ள ட்ரெபிள் கிளெஃப், கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றிச் சுழல்கிறது. அந்தக் கோடு மிடில் சி-க்கு மேலுள்ள ஜி. கீழ் ஸ்டாஃபிலுள்ள பேஸ் கிளெஃபின் இரு புள்ளிகளுக்கு நடுவே செல்லும் கோடு மிடில் சி-க்குக் கீழுள்ள எஃப். மிடில் சி, இரண்டு ஸ்டாஃப்களுக்கும் நடுவில் ஒரு சிறு கோட்டின்மேல் தனியே நிற்கும்.

இந்த மூன்று சுரங்களையும் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளும்படி மனத்தில் நிறுத்துங்கள். மற்ற சுரங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய அவசரப்பட வேண்டாம். தூரத்தைப் பார்க்கப் பழகுங்கள். கோட்டிலிருந்து அதை ஒட்டிய இடைவெளிக்குப் போனால் அடுத்த வெள்ளைக் கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் ஒரு கட்டை தாண்டி அடுத்தது. நன்றாக வாசிப்பவர்கள் ஒவ்வொரு சுரத்தையும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, முந்தைய சுரத்திலிருந்து எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்பதையே பார்க்கிறார்கள். சுரங்களின்கீழ் பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்தால் கண் அந்த எழுத்துகளை மட்டுமே படிக்கும். ஸ்டாஃபைப் பார்க்கவே பார்க்காது. திரையின் மேலிருந்து கட்டைகளின்மேல் வண்ணப்பட்டைகள் விழும் காணொளிகளிலும் இதே குறைதான். அவை ஒரு பாடலைத் தருகின்றன, அடுத்த பாடலைத் தாமே படிக்கும் திறனைத் தருவதில்லை.

தினமும் ஐந்து நிமிடம், இதுவரை பார்த்திராத எளிய நான்கு வரிகளை எடுத்து, பிழை வந்தாலும் நிற்காமல், மிக மெதுவாக வாசித்து முடியுங்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் மிக்ரோகாஸ்மாஸ் தொகுதிகளில் முதலாவது இதற்கு மிகவும் ஏற்றது. இரு கைகளும் ஒரே மெட்டை வெவ்வேறு ஸ்தாயிகளில் வாசிக்கும்படி அது தொடங்குகிறது.

ஸ்கேல்: கட்டைவிரல் உள்ளே நுழையும் வித்தை

ஐந்து விரல்களால் எட்டுச் சுரங்களை எப்படி வாசிப்பது என்பதுதான் ஸ்கேல் கற்பிக்கும் பாடம். சி மேஜரில் வலக்கை ஏறும்போது 1 2 3 1 2 3 4 5. இறங்கும்போது 5 4 3 2 1 3 2 1. நடுவிரல் இ-யில் இருக்கும்போதே கட்டைவிரல் அதன் அடியில் நுழைந்து எஃப்-ஐ நோக்கி நகரத் தொடங்க வேண்டும். முழங்கையை வெளியே உதறித் தள்ளிக் கட்டைவிரலைக் கொண்டுவருவது வழக்கமான தவறு. கை பக்கவாட்டில் சீராக நகர வேண்டும், மேலும் கீழும் குதிக்கக் கூடாது. இடக்கை ஏறும்போது 5 4 3 2 1 3 2 1. இறங்கும்போது 1 2 3 1 2 3 4 5.

இரு கைகளையும் சேர்க்கும்போது முதலில் எதிர்த்திசையில் வாசியுங்கள். இரு கட்டைவிரல்களும் மிடில் சி-யில் சேர்ந்து தொடங்கி, வலக்கை மேலேயும் இடக்கை கீழேயும் போனால், இரு கைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணுள்ள விரல் வரும். ஒரே திசையில் வாசிப்பது அதைவிடக் கடினம். அங்கே கைக்கொடுப்பது ஒரு சிறு குறிப்பு: சி மேஜரில் இ-யிலும் ஏ-யிலும் மட்டும் இரு கைகளின் மூன்றாம் விரல்களும் சந்திக்கும். அந்த இரண்டு இடங்களையும் குறி வைத்துக்கொண்டால் மற்றவை ஒழுங்காகும்.

சி மேஜருக்குப் பின் ஜி மேஜர். அதில் எஃப்-க்குப் பதில் எஃப் ஷார்ப், விரல்கள் அதே. பிறகு எஃப் மேஜர்; அதில் பி ஃப்ளாட் வருவதால் வலக்கை விரல்கள் 1 2 3 4 1 2 3 4 என்று மாறும். மேஜர் ஸ்கேல் எல்லாவற்றுக்கும் சூத்திரம் ஒன்றே: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை (அரை என்றால் ஒட்டியுள்ள அடுத்த கட்டை, முழு என்றால் ஒரு கட்டை தாண்டி அடுத்தது). சங்கராபரணத்தின் சுர இடைவெளிகளும் இவையே. ஆகவே சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் இந்த மூன்று ஸ்கேல்களிலும் வாசிப்பது மிகச் சிறந்த விரல் பயிற்சி. குறிப்பாக ஜண்டை, ஒரே கட்டையை இருமுறை தட்டும்போது மணிக்கட்டு இறுகுகிறதா என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். பிரெஞ்சு ஆசிரியர் ஆனோனின் அறுபது விரல் பயிற்சிகளை முதல் ஆண்டிலேயே தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. கையை இறுக்கியபடி அவற்றை வேகமாக வாசிப்பதால் வரும் கேடு, அவற்றால் வரும் பயனைவிட அதிகம் என்பது என் கருத்து.

கார்டுகளும் இடக்கையும்

ஒரு சுரம், அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று, மீண்டும் ஒன்றுவிட்டு ஒன்று என்று மூன்றைச் சேர்த்து ஒலித்தால் கார்டு. சி, இ, ஜி சேர்ந்தால் சி மேஜர். எஃப், ஏ, சி சேர்ந்தால் எஃப் மேஜர். ஜி, பி, டி சேர்ந்தால் ஜி மேஜர். ஏ, சி, இ சேர்ந்தால் ஏ மைனர். மேஜருக்கும் மைனருக்கும் உள்ள வேறுபாடு நடுச் சுரத்தில்தான்: சி, இ, ஜி என்பதில் இ-யை அரைச் சுரம் இறக்கினால் சி மைனர்.

ஒவ்வொரு கார்டுக்கும் இடக்கையைத் தூக்கித் தாவுவது தேவையற்றது. சி மேஜரைச் சி, இ, ஜி என்று 5 3 1 விரல்களால் பிடியுங்கள். எஃப்-க்குப் போகும்போது சுண்டுவிரல் சி-யிலேயே நிற்க, மற்ற இரண்டும் எஃப், ஏ என்று நகரட்டும். விரல்கள் 5 2 1. ஜி மேஜரோடு எஃப் சேரும் ஜி செவன்த் கார்டுக்குக் கட்டைவிரல் ஜி-யிலும் ஆள்காட்டி விரல் எஃப்-இலும் இருக்க, சுண்டுவிரல் மட்டும் சி-யிலிருந்து பக்கத்திலுள்ள பி-க்கு இறங்கட்டும். விரல்கள் மீண்டும் 5 2 1. இந்த மூன்று பிடிகளும் கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறி வரும்வரை பழகினால், சி மேஜரில் உள்ள எளிய மெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இடக்கை தயாராகிவிடும். பேட்டோவனின் அந்த மெட்டுக்கே இவற்றைப் பொருத்திப் பாருங்கள். எந்த இடத்தில் எது சேரும் என்பதைக் காதே சொல்லும்.

பெடல்

வலப்பக்கப் பெடலை அழுத்தினால் கம்பிகளின்மேல் உள்ள தடுப்புகள் எல்லாம் விலகி ஒலி நீளும். நான்கு மாதம் வரை இதைத் தொட வேண்டாம். விரல்களின் இணைப்பில் உள்ள குறைகளை அது மறைத்துவிடும். தொடங்கும்போது குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. புதிய கார்டைத் தட்டும் அதே கணத்தில் பெடலை விட்டுவிட்டு, அது ஒலித்த உடனே மீண்டும் அழுத்த வேண்டும்.

அன்றாடப் பயிற்சி

வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் அரை மணி நேரம் நல்லது. விரல் கற்றதை மூளை உறக்கத்திலும் நிலைப்படுத்துகிறது என்பதால், இரண்டு பயிற்சிகளுக்கு இடையே ஓர் இரவு இருப்பதே லாபம். ஸ்கேலுக்கு ஐந்து நிமிடம், புதிதாகப் படிக்க ஐந்து நிமிடம், மீதி பாடத்துக்கு.

பாடத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை திரும்பத் திரும்ப வாசிப்பது பயிற்சி ஆகாது. அப்படிச் செய்தால் முதல் வரி நூறு முறையும் கடைசி வரி பத்து முறையும் பழகப்படும். பிழை வரும் இடத்தில் பிழையே பழக்கமாகும். இரண்டு பார்களை (ஸ்டாஃபில் செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளக் கூறுகளை) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கை தனியே, இடக்கை தனியே, பிறகு பாதி வேகத்தில் இரண்டும் சேர்த்து. எடுத்துக்கொண்ட பகுதியை அடுத்த பாரின் முதல் சுரம் வரை நீட்டி வாசியுங்கள், ஏனெனில் பெரும்பாலும் தடுமாற்றம் வருவது பாருக்கு உள்ளே அன்று, ஒரு பாரிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான். கடைசிப் பகுதியை முதலில் பழகி முன்னோக்கி வருவது இன்னும் நல்லது. வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவதால் நடுக்கம் குறையும். விரல் எண்ணை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் தாளில் எழுதிவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். இன்று 2, நாளை 3 என்று மாறும் விரலால் எந்தப் பாடமும் கைவசமாகாது.

வாரம் ஒருமுறை அலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத தாளப் பிசகுகள் பதிவில் விழும்.

ஆசிரியரும் தேர்வும்

முதல் மூன்று மாதங்களுக்காவது நேரில் ஓர் ஆசிரியரிடம் கற்பது நல்லது. மணிக்கட்டின் இறுக்கத்தைக் காணொளி பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாது. ஆசிரியர் பாடத்தை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்துகிறாரா, கையைப் பார்த்துத் திருத்துகிறாரா என்பதை முதல் இரண்டு வகுப்புகளிலேயே கண்டுகொள்ளலாம். சென்னையிலும் பிற நகரங்களிலும் பலர் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளுக்கும், ஏபிஆர்எஸ்எம் எனப்படும் அசோசியேட்டட் போர்டு தேர்வுகளுக்கும் எழுதுகிறார்கள். இரண்டிலும் இனிஷியல் என்ற முன்னிலைக்குப் பின் 1 முதல் 8 வரை கிரேடுகள் உண்டு. ஏபிஆர்எஸ்எம்மில் 6ஆம் கிரேடு வாசிப்புத் தேர்வு எழுத 5ஆம் கிரேடு தியரியிலோ அதற்கு இணையான ஒன்றிலோ தேறியிருக்க வேண்டும். தேர்வு ஓர் ஒழுங்கைத் தரும். ஆனால் தேர்வுக்குரிய சில பாடங்களையே ஓராண்டு முழுதும் வாசிக்கும் வகுப்பில் சேர்ந்தால், சான்றிதழ் இருந்தும் புதிய தாளைப் படிக்கத் தெரியாத நிலை வரும்.

ஆறாம் மாதப் பாடம்

மேற்சொன்னவை ஓரளவு கைவந்தபின், ஜி மேஜரில் அமைந்த புகழ்பெற்ற மினுயெட் (நடன இசை) ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். செபாஸ்டியன் பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய குறிப்பேட்டில் அது இருப்பதால், நெடுங்காலம் அவருடையதாகவே கருதப்பட்டது. கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் இயற்றியது என்பது 1970களில்தான் தெளிவானது. மூன்று எண்ணிக்கை கொண்ட 32 பார்கள், பதினாறு பதினாறாக இரண்டு பகுதிகள். முதல் பாரில் வலக்கை டி, ஜி, ஏ, பி, சி என்று 5 1 2 3 4 விரல்களால் வாசித்து, இரண்டாம் பாரில் டி, ஜி, ஜி என்று 5 1 1 விரல்களால் முடிக்கிறது. அந்த முதல் டி ஒரு முழு எண்ணிக்கை, அடுத்த நான்கும் அரை அரை. அதாவது தா தக தக. சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரலுக்குத் தாவும் இடத்தில் ஜி பலமாக விழுந்துவிடும். அதைத்தான் முதலில் மென்மையாக்க வேண்டும்.

இடக்கை தொடக்கத்தில் ஜி, பி, டி சேர்ந்த கார்டை இரண்டு எண்ணிக்கையும், ஏ-யை ஓர் எண்ணிக்கையும் வாசித்து, அடுத்த பாரில் பி-யை மூன்று எண்ணிக்கை பிடித்து நிற்கிறது. அந்த பி முழு மூன்று எண்ணிக்கையும் அழுந்தியிருக்கும்போதே வலக்கை இரண்டாவது ஜி-யைத் தொட வேண்டும். தொடங்குபவர்கள் பெரும்பாலும் வலக்கை எழும்போது இடக்கையையும் சேர்த்து எழுப்பிவிடுவார்கள். ஆகவே முதல் எட்டு பார்களை இடக்கை மட்டும் 60 தட்டில் ஒரு வாரம் வாசியுங்கள். அடுத்த வாரம் வலக்கையை இரண்டிரண்டு பார்களாகச் சேர்த்து, எட்டு பார்களும் 80 தட்டில் நிற்காமல் வந்தபின் ஒன்பதாவது பாருக்குப் போங்கள்.